மொட்டைக்குப் பத்துப் புள்ளி

இந்தப் போகிக்கு எங்கள் வீட்டில் எதையும் எரிக்கவில்லை. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் புகை கூடாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். கிழிந்த பாய், கைப்பிடி உடைந்த குக்கர், யுகேஜி நோட்டுகள்... எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போயின. அலமாரி பளிச். பரண் பளிச். அந்த வேகம் குறையாமல் சோபாவில் உட்கார்ந்து, செல்போனையும் சுத்தம் செய்தேன்.

அங்கேதான் தப்பு செய்தேன்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். என் மகள் நிலாவுக்கு ஒன்பது வயது. போன ஜூலையில் எங்கள் அபார்ட்மென்ட் மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது; தைரியம் கூடவில்லை. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். வாசலைத் தாண்டினால் என் கைதான் சுவர். பிடித்த பிடியில் என் விரல்கள் வெளுத்துவிடும்.

“தினம் அரை மணி நேரம் வெளியில நடக்க வைங்க” என்றார் பிசியோதெரபிஸ்ட். எப்படி நடக்க வைப்பது? ஐஸ்கிரீம், கெஞ்சல், அதட்டல்... ஒன்றும் பலிக்கவில்லை.

கடைசியில் என் கணவர் என் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக்கொடுத்தார். கேமரா வழியே தெருவைப் பார்த்தால், நிஜமான ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் இல்லாத ஒரு ஜந்து குதித்துக்கொண்டிருக்கும். திரையில் விரலால் பந்தை வீசினால் சிக்கும். உட்கார்ந்த இடத்தில் ஒன்றும் கிடைக்காது, நடக்க வேண்டும். கோயில், சிலை, பூங்கா எதிரே போய் நின்றால் பந்து இலவசம்.

குழந்தை கையில் போன் கொடுக்கக் கூடாது என்று உறவினர்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவள் நான். நானே கொடுத்தேன். சரியா தப்பா என்று இரண்டு ராத்திரி யோசித்துவிட்டுத்தான்.

மயிலாப்பூரில் பந்துக்கா பஞ்சம்? பத்தடிக்கு ஒரு பிள்ளையார்! எங்கள் தெருமுனைப் பிள்ளையாரின் பக்கத்தில் பூ விற்கும் தேவிகா அக்காவுக்கு எங்களைப் பார்த்தால் ஒரே சிரிப்பு. “இன்னாமா, டெய்லி புள்ளையாரையே போட்டோ புட்ச்சிக்கினு கீற? அவரு இன்னா எயிந்து ஓடிப்பூடுவாரா?”

இரண்டு மாதத்தில் நிலா தெப்பக்குளத்தைச் சுற்றி வந்தாள். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால்... எனக்குப் பிடித்துப்போயிற்றே! தி.நகர் ஜவுளிக்கடையில் பில் போடும் வரிசையில் நின்று, கொம்பு வைத்த ஆமை ஒன்றைப் பிடித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஜந்துக்கும் பலம் இவ்வளவு என்று ஒரு புள்ளி உண்டு. நிலா முகத்தைப் பார்த்துப் பிடிப்பாள். நான் புள்ளியைப் பார்த்துப் பிடிப்பேன்.

“அம்மா, இது சிரிக்குது பாரேன்!”

“பாயிண்ட் எவ்ளோன்னு மொதல்ல பாரு.”

போகிக்கு வருகிறேன். ‘பை நிறைந்துவிட்டது’ என்றது திரை. பிடித்த ஜந்துகளையெல்லாம் விளையாட்டு அந்தப் பையில்தான் போட்டுவைக்கும். புள்ளி குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தினேன். அடியில் கிடந்த நாற்பதைத் தேர்ந்தெடுத்தேன். பையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை மிட்டாய் கிடைக்கும். ‘அனுப்பினால் திரும்ப வராது. நிச்சயமாகவா?’ என்று கேட்டது.

கேஸை மூடினோமா என்று லிஃப்டிலிருந்து இரண்டு முறை திரும்பி வருகிறவள் நான். இதற்கு மட்டும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஆம் என்று அழுத்தினேன்.

சாயங்காலம் நிலா கேட்டாள். “அம்மா, மொட்டை எங்க?”

மொட்டை என்பது அவள் வைத்த பெயர். முடியும் இல்லாமல், வாலும் இல்லாமல், பழுப்பாக ஒரு உருண்டை. பத்தே புள்ளி. நான் அனுப்பிய நாற்பதில் அதுவும் போயிருந்தது.

“ஆப் அப்டேட் ஆச்சுல்ல... அதுல போயிருக்கும்.”

எவ்வளவு சுலபமாக வருகிறது பொய்!

“ஆமை இருக்கு. சிறகு மீன் இருக்கு. அது மட்டும் எப்படிம்மா போகும்?”

“எனக்கென்னடி தெரியும்? போய்ச் சாப்பிடு.”

மறுநாள் பொங்கல். மஞ்சள் கொத்து வாங்கி வருகிறேன் என்று விடிந்ததும் தனியாக இறங்கினேன். உண்மையில் போனது இன்னொரு பழுப்பு உருண்டையைத் தேடி. தெருமுனையில் போனைத் தூக்கியதும் தேவிகா அக்கா பிடித்துக்கொண்டார்.

“பண்டிகையும் அதுவுமா ஆரம்பிச்சிட்டியா? பாப்பா எங்க?”

“தூங்கறாக்கா.”

“இங்கதானமா அது மொத மொத உன் கைய வுட்டுச்சு! போனை ரெண்டு கையால புட்ச்சிக்கினு, தோ இந்தக் கல்லாண்ட ஒண்டியா நின்னுச்சே... நீகூட அயுத. நான் ஒரு மொழம் மல்லி சும்மா குட்த்தேன். மறந்துட்டியா?”

மறந்துதான் போயிருந்தேன்.

பந்தை வீச இரண்டு கையும் வேண்டும். ஒன்று போனைப் பிடிக்க, ஒன்று வீச. அதற்காக என் கையை விட்டாள். மாவுக்கட்டு பிரித்தபின் தெருவில் முதல்முறையாகத் தன் காலில் நின்றாள். அன்று சிக்கியதுதான் மொட்டை. அதைத்தான் நான் ஒரு மிட்டாய்க்குக் கொடுத்திருக்கிறேன்.

நேராக வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இல்லையா? நான் என்ன செய்தேன் தெரியுமா? அரை மணி நேரம் அலைந்து இன்னொரு உருண்டையைப் பிடித்தேன். அதற்கு மொட்டை என்று பெயரும் வைத்தேன். இருநூற்றுப் பதினாலு புள்ளி. பழையதைவிட நல்லதாகவே கிடைத்திருக்கிறது என்று ஒரு நிமிடம் சந்தோஷம்வேறு பட்டேன்.

“நிலா, மொட்டை கிடைச்சிருச்சுடி!”

வாங்கிப் பார்த்தாள். விரலால் கீழே தள்ளினாள். எந்த ஜந்து என்றைக்கு, எங்கே பிடிபட்டது என்று அதில் எழுதியிருக்குமாம். எனக்கு அது தெரியாது. புள்ளிக்குக் கீழே நான் எதையும் படித்ததில்லை.

“இன்னைக்குத் தேதி போட்டிருக்கும்மா.”

போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“நீ அனுப்பிட்டியா?”

“...ஆமா.”

“பாயிண்ட் கம்மிங்கறதாலயா?”

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். போன மாதம் அவள் கணக்கில் அறுபத்தெட்டு வாங்கி வந்தபோது, பேப்பரைக் கையில் வாங்குவதற்கு முன்பே “கிளாஸ்ல ஹையஸ்ட் எவ்ளோ?” என்று கேட்டவள் நான். அந்தக் கேள்வியும் இந்தக் கேள்வியும் எனக்குள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.

“பால் பொங்குது, வாங்க!” என்று சமையலறையிலிருந்து அவள் அப்பா கூப்பிட்டார். நல்ல சாக்கு. ஓடிவிட்டேன். பொங்கலோ பொங்கல் என்று மூவரும் சொன்னோம். அவள் குரலும் கேட்டது, சின்னதாக.

மத்தியானம் மன்னிப்புக் கேட்டேன். பொய் சொன்னதற்கு ஒரு தடவை, அனுப்பியதற்கு ஒரு தடவை.

“பரவால்லம்மா” என்றாள். யாராவது ‘சாரி’ சொன்னால் அப்படித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பதும் நான்தான். அதனால் அந்தப் பரவாயில்லையை எவ்வளவு நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று விளையாட்டில் அந்தப் பையைத் திறந்து பார்த்தேன். மிச்சம் இருக்கும் அத்தனை ஜந்துக்கும் நட்சத்திரம் குத்தியிருக்கிறாள். நட்சத்திரம் குத்தியதை யாராலும் அனுப்ப முடியாதாம். ஒன்றுக்கு மட்டும் இல்லை. நான் பிடித்து வந்த உருண்டைக்கு. பெயரும் மாறியிருந்தது: அம்மாவோடது.

“இதுக்கு ஏன்டி ஸ்டார் போடல?”

“அது உன்னோடதும்மா. வேணும்னா நீ அனுப்பிக்கோ.”

இன்னும் அனுப்பவில்லை. இருநூற்றுப் பதினாலு புள்ளி என்பதால் இல்லை... சத்தியமாக.