தேசிக்காய் வாசமும் பிளாஸ்டிக் டாங்கும்

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் கடையில் யாரிடமும் விளக்கம் கேட்டு நின்றதில்லை. அந்தப் பெருமையால் வந்ததை எழுதுகிறேன்.

நாங்கள் ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் இருக்கிறோம். நுரையீரல் பழுதென்று டாக்டர் சொன்னதால் என் கணவர் சிகரெட்டை விட்டு மின்சிகரெட்டுக்கு மாறினார். ஐந்து மாதம் நன்றாகப் போனது. அதில் திரவம் ஊற்றுகிற டாங்க் பழசாகிவிட, புதிது வாங்க நான் போனேன். கடைக்காரர் கண்ணாடி டாங்கைக் காட்டி ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னார். விளங்கியதுபோல் தலையாட்டிவிட்டு, விழுந்தாலும் உடையாதென்று பிளாஸ்டிக்கை எடுத்தேன். என் கணவருக்குப் பிடித்த தேசிக்காய், அதாவது எலுமிச்சை, வாசத் திரவமும் வாங்கினேன்.

நாலாம் நாள் பிளாஸ்டிக் வெடிப்பு விட்டு, திரவம் ஒழுகி, அவருடைய சட்டைப்பை நனைந்தது.

"இஞ்சாரும், என்ன சாமானப்பா வாங்கினனீர்?"

"பொறுங்கோ, நாளைக்கு வேற வாங்கித் தாறன்."

"நாளை வரைக்கும் என்னாலை ஏலாது."

அன்று ஞாயிறு, கடைகள் பூட்டு. காசு போட்டால் சிகரெட் தரும் தெருமுனை மெஷினுக்கு மட்டும் ஞாயிறு கிடையாது. அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்.

பின்னேரம் வந்த மகள் டாங்க் வந்த பெட்டியிலிருந்த தாளை வாசித்தாள். "அம்மா, தேசிக்காய், கறுவாப்பட்டை வாசமெல்லாம் பிளாஸ்டிக்கைத் தின்னுமாம். கண்ணாடிதான் வேணுமாம்."

தேசிக்காய் ஊறுகாயை ஒருநாளும் பிளாஸ்டிக்கில் போடாதவள் நான்.

இப்போதெல்லாம் எந்தக் கடையிலும் இரண்டு தரம் கேட்கிறேன், தாளை மகளிடம் கொடுக்கிறேன். அந்த ஞாயிறுக்கு மறுநாளே கண்ணாடி டாங்க் வாங்கி, நிரப்பி, மேசையில் வைத்தேன். இன்றுவரை அதில் ஒரு துளி குறையவில்லை. அவர் பால்கனியில் சிகரெட்டோடு நின்று இருமுகிறார்.