கோரை அறுக்கப் போன ஜெயராணி அக்கா

ஜெயராணி அக்கா போய்விட்டார். நேற்றுக் காலையில், கண்மாயில் கோரை அறுக்கும்போது பாம்பு கடித்து...

வெடி விபத்தா என்று கேட்டு யாரும் போன் பண்ணாதீர்கள். அவர் பட்டாசு கம்பெனியை விட்டு நாளாகிவிட்டது.

தாயில்பட்டிப் பக்கம் ஒரே ரூமில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தோம். பக்கத்து ரூம் வெடித்த அன்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியவர் அவர்தான்.

மறுநாள் வேலைக்கு வரவில்லை. "இனி அங்கன தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன் முத்து. எம்மக காலும் அந்த ரூமுல படக் கூடாது" என்றார்.

அப்புறம்தான் கிறிஸ்துமஸ் குடில் செய்ய ஆரம்பித்தார். எல்லாம் கண்மாய்க் கரையில் கிடைப்பது. கூரைக்குக் கோரை, ஆணிக்குப் பதில் சீமைக்கருவேல முள், எருக்கம்பஞ்சில் ஆட்டுக்குட்டி... பிளாஸ்டிக், பெயிண்ட் எதுவும் கிடையாது. பண்டிகை முடிந்தால் செடிக்கு உரமாகப் போட்டுவிடலாம்.

இந்த சீசனுக்குத் திருத்தங்கல், விருதுநகர் வரைக்கும் ஆர்டர். என்னையும் கூப்பிட்டார். "வந்துரு, ரெண்டு பேரும் சேந்து செய்வோம்." நான்தான் கம்பெனியை விடாமல், பார்க்கலாம் அக்கா என்றேன்.

கம்பெனியை விட்டாலும் கம்பெனிப் பழக்கம் அவரை விடவில்லை. அங்கே ரூமுக்குள் செருப்பு கூடாது, செல்போன் கூடாது. ஒரு பொறி போதுமே. கண்மாய்க்குப் போனாலும் இரண்டையும் ரோட்டோரம் ஸ்கூட்டியில் வைத்துவிட்டுத்தான் இறங்குவார்.

"இங்கன என்ன வெடிமருந்தா கெடக்கு? செருப்பப் போடுங்கக்கா!" என்று எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

"போட்டா கை ஓட மாட்டேங்குது முத்து. எங்கனயாச்சும் பொறி பறந்துருமோன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது." சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

நேற்றும் அதேதான். கடிபட்ட காலோடு, போனை எடுக்க ரோடு வரைக்கும் நடந்திருக்கிறார். ஸ்கூட்டிக்குப் பக்கத்தில்தான் விழுந்து கிடந்தாராம்...

விதி என்கிறார்கள். கேட்கக் கேட்க எரிச்சலாக வருகிறது. பயந்து ஓடினவரைக்கூட அந்தக் கம்பெனி விடவில்லையே.

வீடு முழுக்கக் கூரை போடாத குடில்கள். ஓரத்தில் ஆட்டுக்குட்டிகள். அவர் மகள், இப்போதுதான் காலேஜ் சேர்ந்த பிள்ளை, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சித்தி... உங்க கம்பெனில ஆள் எடுக்காகளா?"

போயிட்டு வாங்கக்கா.

அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.