ருசி பார்க்காத சமையல்

சமையல் வேலைல கூலியைக் கைல குடுப்பா, ஆனா ஆளைக் கூப்பிடறது நாக்குக்காகத்தான். மயிலாப்பூர்ல பேர் வாங்கின அந்த நாக்கு எனக்குப் போயிடுத்து. காபியும் கஷாயமும் வெந்நீரும் ஒண்ணுன்னு ஆனவா உங்கள்ல யாராவது இருந்தா, வாங்கோ, பக்கத்துல உக்காருங்கோ. உங்களுக்குத்தான் சொல்றேன்.

அடையாறு டாக்டர்

ஒரு ஜுரம் வந்தது, போச்சு. போறச்சே ருசியையும் வாசனையையும் எடுத்துண்டு போயிடுத்து. தானா வந்துடும்னு எல்லாரும் சொன்னா. வரலை. அடையாறுல ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போனேன். கண்ணை மூடிக்கச் சொல்லி, நாக்குல சொட்டு சொட்டா என்னென்னமோ விட்டார். இது இனிப்பு, இது உப்பு, இது கசப்புன்னு அப்புறம் அவர்தான் சொன்னார். எனக்கு எல்லாமே வெறும் ஈரம். அங்கேயே அழுதுட்டேன். பாவம், தண்ணி குடுத்து சமாதானம் பண்ணினார்.

"நரம்பு அடிபட்டிருக்கும்மா. தானா வரலாம், வராமலும் போகலாம். உயிருக்கு ஒண்ணும் பயமில்ல. ஆமா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சீமந்த சாம்பார்

தி.நகர்ல ஒரு சீமந்தம். சமையல் கான்ட்ராக்டர்கிட்ட நாக்கு போனதைப் பத்தி நான் மூச்சு விடலை. காய் நறுக்க வந்த செல்விகிட்ட மட்டும் ஒரு கரண்டி சாம்பாரை நீட்டி, எப்படி இருக்குன்னு கேட்டேன். "சூப்பரா கீது மாமி"ன்னா. விடியக்காலம் பஸ் பிடிச்சு, பச்சைத் தண்ணி பல்லுல படாம வந்தவ. அவளுக்கு எதைக் குடுத்தாலும் சூப்பர்தான்னு என் மரமண்டைக்கு எட்டலை. பந்திக்குப் போன சாம்பார் வாளி அப்படியே திரும்பி வந்தது. நான் புளியே கரைச்சு விடலையாம். கான்ட்ராக்டர் நாலு பேர் எதிர்ல கத்தலை. கை கழுவற இடத்துக்குக் கூட்டிண்டு போய் என்ன ஆச்சுன்னு கேட்டார், நாக்கு போன கதையைச் சொன்னேன்.

"மாமி, உங்க கை அப்படியேதான் இருக்கு. நாக்குதான் லீவு போட்டிருக்கு. அது வந்தப்புறம் நீங்களும் வாங்கோ."

கோபாலபுரத்து சர்டிபிகேட்

அப்புறம்தான் திவசச் சமையலுக்குப் போனேன். யோசிச்சுப் பாருங்கோ, எனக்குன்னே பண்ணின வேலை! சமைக்கறவ ருசி பார்க்கப்படாது. சாப்பிட வர பெரியவா நன்னாயிருக்குன்னும் சொல்லப்படாது, நன்னாயில்லைன்னும் சொல்லப்படாது. கடைசியில "திருப்தியா?"ன்னு கேட்டா, "திருப்தி"ன்னு சொல்லிட்டுப் போயிண்டே இருப்பா. கையளவை நம்பிச் சமைச்சேன். கோபாலபுரத்துல ஒரு வீட்டு அம்மா, என்னை வெச்சுண்டே பக்கத்து வீட்டுக்காரிகிட்ட பெருமை அடிச்சுண்டா.

"இந்த மாமி மாதிரி மடி ஆசாரம் யாருக்கு வரும்? தெரியாமக்கூட விரலை வாய்ல வெச்சு நான் பார்த்ததில்லை!"

ரெண்டாவது உப்பு

அதே வீட்டுல அடுத்த திவசம். மோர்க்குழம்புக்கு உப்பு போடறச்சே யாரோ பாத்திரம் கேட்டா. எடுத்துக் குடுத்துட்டு வந்தேன். போட்டேனா, போடலையா? முன்னெல்லாம் வாசனையைப் பிடிச்சே சொல்லிடுவேன். இப்போ அதுவும் இல்லை. போடலைன்னு நினைச்சு ஒரு கை போட்டேன். கூடத்துல தண்ணி, தண்ணின்னு கேட்டுண்டே இருந்தா. யாரும் வாயைத் திறந்து குறை சொல்லலை. "திருப்தி"ன்னும் சொல்லிட்டா. ஆனா கிளம்பறச்சே சாஸ்திரிகள் அடுக்களை வாசல்ல நின்னார்.

"பித்ருக்கள் எப்படியும் சாப்பிட்டுடுவா மாமி. எனக்குத்தான் பி.பி."

திருவான்மியூர் ரசம்

அன்னிலேருந்து உப்பு டப்பாவைத் திறக்கவே பயம். பாதிக்குப் பாதிதான் போடறேன். திருவான்மியூர்ல ஒரு வீடு, அம்மாவுக்கு முதல் வருஷத் திவசம். பிள்ளை திவசத்தை முடிச்சப்புறம், பொண்ணும் நானும் கடைசியா சாப்பிட உக்காந்தோம். ரசத்தை ஒரு வாய் எடுத்துண்டவ, இலையைப் பார்த்துண்டே அழறா. ஐயோ, இந்த வீடும் போச்சுன்னு நினைச்சேன். உப்பு கொண்டு வரேன்னு எழுந்தேன். அவ என் புடவையைப் பிடிச்சு இழுத்து உக்கார வெச்சா.

"வேண்டாம் மாமி. ரேடியேஷன் குடுத்தப்புறம் அம்மாவுக்கும் ருசி தெரியாமப் போயிடுத்து. கடைசி வரைக்கும் அவ ரசம் இப்படித்தான் இருந்தது. நாங்க ஒருத்தரும் அவகிட்ட சொல்லவே இல்லை."

ஆத்துக்கு வந்து எங்காத்துக்காரருக்கு அதே கையால அதே பாதி உப்பு ரசம் விட்டேன், "பேஷ்"னார். என் சமையலைப் பத்தி ஒண்ணும் தெரியாதவ இந்த லோகத்துல நான் ஒருத்திதான், தெரிஞ்ச முக்கால்வாசிப் பேருக்கும் நல்ல மனசு, அதுதான் தாங்கலை.