குரல் போன மழைக்காலம்

கொல்லிமலையில், வளப்பூர் நாடு என்ற ஊரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் இரும்பு பீரோதான் என் ஒலிப்பதிவுக் கூடம். இரண்டு கதவுகளையும் திறந்து வைத்து, தொங்கும் சேலைகளுக்கு நடுவில் மைக்கை நிறுத்தி, தலைக்கு மேல் ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு பேசுவேன். எதிரொலியைச் சேலைகள் வாங்கிக்கொள்ளும். மழை பிடித்துவிட்டால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை. சிமென்ட் ஷீட் கூரை. ஓய்கிற வரைக்கும் ஜமுக்காளத்துக்குள்ளேயே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

என் கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர். அவருக்குக் கொல்லிமலைக்கு மாற்றல் வந்தபோது, சேலத்தில் ஒரு விளம்பர அலுவலகத்தில் செய்துவந்த வடிவமைப்பு வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்தேன். மலைக்கு வந்த பிறகு கிடைத்ததுதான் இந்தப் போட்காஸ்ட் வேலை. சென்னையில் ஒரு சிறு நிறுவனம், புகைப்படக்காரர்களும் ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் தங்கள் வேலைகளை அழகாக அடுக்கிக் காட்டுவதற்கு ஒரு செயலி செய்திருந்தது. அதை வாங்குங்கள் என்று நேராகச் சொல்லாமல், அவர்களுக்குத் தொழிலில் உதவக்கூடிய விஷயங்களை வாராவாரம் பேச வேண்டும். கேட்டுக் கேட்டு நம்பிக்கை வந்துவிட்டால் செயலியையும் வாங்குவார்கள். இதற்குக் கன்டென்ட் மார்க்கெட்டிங் என்று பெயர். எழுதுவதும் பேசுவதும் நான்தான். வெட்டி ஒட்டி வெளியிடுவது சென்னை அலுவலகத்தில் இருந்த ஒரு பெண். என்னைவிட வயதில் சிறியவள், நல்ல பெண்.

சொன்னதையே வேறு வேறு மாதிரி சொல்வதுதான் அந்த வேலை. வேலையை மட்டும் காட்டாதீர்கள், அது உருவாகும் விதத்தையும் காட்டுங்கள். ஒரு பேட்டி எடுத்தால் அதிலிருந்து ரீல்ஸ் வெட்டுங்கள், அதையே மின்னஞ்சலாக எழுதுங்கள். எல்லோரிடமும் பேசாதீர்கள், யாருக்காக வேலை செய்ய உங்களுக்கு ஆசையோ அவர்களிடம் பேசுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விடாமல் வாருங்கள். ஒரு வாரம் விட்டால் மறந்துவிடுவார்கள்.

ஆரம்பத்தில் இதையெல்லாம் சொல்லும்போது எனக்கே உற்சாகமாக இருந்தது. பொய் ஒன்றும் சொல்லவில்லை, அப்படிச் செய்து வேலை கிடைத்தவர்கள் உண்டு. ஆனால் போகப் போக அலுத்துவிட்டது. மைக்கை அணைத்ததும் வாயைத் திறக்கவே பிடிக்காது. பள்ளியிலிருந்து வந்த கணவர் ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவேன். அவரும் நாளெல்லாம் கத்திவிட்டு வருகிறவர். இரண்டு பேரும் பேசாமல் சோறு தின்றுவிட்டு எழுந்துகொள்வோம்.

போன மழைக்காலத்தில் குரல் கரகரக்க ஆரம்பித்தது. சளி என்று நினைத்துச் சுக்கும் மிளகும் போட்டுக் குடித்தேன். அடங்கவில்லை. ஒரு நாள் பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்து வணக்கம் சொல்லப் போனால் காற்றுதான் வந்தது. 'வ' என்ற எழுத்துக்குச் சத்தமே இல்லை.

பக்கத்து வீட்டில் சுகாதார நிலையத்துச் செவிலியர் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலைக்கு வேலைக்கு வந்தவர். டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார்.

"யக்கா, இது கசாயத்துல போற காரியம் இல்ல. பேசாம நாமக்கல்லுக்குப் போயி காமிச்சிட்டு வாங்க. தள்ளிப் போடாதிய."

மறுநாள் பஸ் பிடித்து, கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி, சேந்தமங்கலத்தில் பஸ் மாறி, நாமக்கல் போய்ச் சேர்ந்தேன். மருத்துவர் சிறு கேமராவை மூக்கு வழியாக விட்டு, திரையில் என் குரல் நாண்களைக் காட்டினார். இரண்டு பக்கமும் சின்னச் சின்னதாகத் தடித்திருந்தது.

"என்ன வேலைங்க பாக்கறீங்க? டீச்சருங்களா?"

"இல்லீங்க, பேசற வேலை" என்று கரகரத்தேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"அந்தப் பேச்சத்தான் நிறுத்தோணும். கொஞ்ச வாரத்துக்கு வாயத் தொறக்கவே கூடாதுங்க. கிசுகிசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல். எழுதிக் காட்டுங்க. இப்பப் பாத்துக்கிட்டா ஆப்பரேஷன் இல்லாமயே சரியாப் போகும்."

திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்குக் கையில் பையோடு எங்கள் ஊர் அம்மா ஒருவர் வந்து உட்கார்ந்தார். வழியில் ஏதேதோ கேட்டார். நான் வாயைத் தொட்டுக் கையை ஆட்டிக் காட்டினேன்.

"ஏனுங்க கண்ணு, வேண்டுதலுங்களா?"

விளக்கிச் சொல்ல வழியும் இல்லை, தெம்பும் இல்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்டக்டர் வந்து எங்கே இறங்க வேண்டும் என்று என்னைக் கேட்டபோது அவரே பதில் சொன்னார். "சாமிக்கு வேண்டிக்கிட்டு வாயக் கட்டியிருக்காங்க. வாத்தியார் சம்சாரமுங்க. வளப்பூர் நாட்டுல எறக்கி உடுங்க."

அந்த வார முடிவுக்குள் செய்தி பரவிவிட்டது. கடைக்குப் போனால் யாரும் என்னைப் பேச்சுக்கு இழுக்கவில்லை. கையால் காட்டியதை எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு பெண் தன் மகனுக்காகவும் சேர்த்துக் கும்பிடச் சொன்னாள். செவிலியர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கோ அந்த மரியாதையைவிட, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்பது பெரிய வரமாக இருந்தது. மாதக்கணக்கில் தேடிய ஓய்வு இப்படி வந்து சேரும் என்று நினைக்கவில்லை.

சென்னைப் பெண்ணுக்கு விஷயத்தை எழுதி அனுப்பினேன். முதலில் பதறினாள், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு குரல் செய்தி அனுப்பினாள்: "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரு வாரம் விட்டாகூடக் கேக்கறவங்க போயிடுவாங்கன்னு நீங்களே சொல்லிருக்கீங்க. மேல கேக்கறாங்க. உங்க பழைய ஆடியோ எல்லாம் நம்மகிட்ட இருக்கு. அத வெச்சு உங்க குரல்லயே பேசற மாதிரி பண்ணலாமாம். நீங்க எழுதி மட்டும் அனுப்புங்க. உங்களுக்குச் சம்மதம்னா மட்டும்தான்."

இயந்திரக் குரல் என்பதைக் கேட்பவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதினேன். கண்டிப்பாகப் போடுகிறோம் என்றாள். சம்மதித்தேன். யோசித்துச் சம்மதித்தேன் என்று சொல்ல முடியாது. மறுத்துப் பேசுவதற்கு வேண்டிய சக்தியைவிட, சரி என்று எழுதுவதற்குக் குறைவாகத்தான் வேண்டியிருந்தது.

சில நாளில் கோப்பு வந்தது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. செல்போனைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்து ஓடவிட்டேன். என் குரல் வணக்கம் சொன்னது. நான் எழுதிய வாக்கியங்களை, நான் ஒருபோதும் உச்சரித்திராத வாக்கியங்களை, ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே போனது.

வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த கணவர் ஓடி வந்தார். கையில் ஈரச் சட்டை.

"செரியாப் போச்சா? பேச வந்திருச்சா?"

இல்லை என்று தலையசைத்துச் செல்போனைக் காட்டினேன். அவர் குனிந்து கேட்டார். அவர் முகம் மலர்ந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அப்படித்தான் மலர்ந்தது.

"அட, நீ மொதல்ல எல்லாம் இப்படித்தான் பேசுவ" என்றார்.

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். சட்டையிலிருந்து தண்ணீர் சமையலறைத் தரையில் சொட்டியது. துணி காயப் போடத் திரும்பிப் போனார்.

ஏன் அப்படி என்று சென்னைப் பெண்ணிடம் எழுதிக் கேட்டேன். ஆரம்ப காலத்து ஒலிப்பதிவுகளைத்தான் இயந்திரத்துக்குக் கொடுத்தார்களாம். "அதுலதான் அக்கா எனர்ஜி நல்லா இருந்துச்சு" என்று எழுதியிருந்தாள். குத்திக் காட்டவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

எபிசோடுகள் வாராவாரம் வெளிவந்தன. கேட்பவர்கள் குறையவில்லை. இந்தத் தடவை ரொம்பத் தெளிவு, ரொம்ப உற்சாகம் என்று எழுதினார்கள். இயந்திரக் குரல் என்ற அறிவிப்பு, எபிசோடுக்குக் கீழே இருக்கும் குறிப்பில் கடைசி வரியாக இருந்தது. அவ்வளவு தூரம் யார் படிக்கிறார்கள்? பேச்சிலேயே சொல்லச் சொல்லி எழுதினேன். கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் வந்தது, அதோடு நின்றது. நான் மழையைப் பார்த்துக்கொண்டு தட்டச்சு செய்தேன். சமையல் செய்தேன். நிறையத் தூங்கினேன். தூங்கி எழுந்தாலும் களைப்பாகவே இருந்தது.

அப்போதுதான் கரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். கல்யாணப் புகைப்படக்காரி. என் நிகழ்ச்சியை ஆரம்பத்திலிருந்து கேட்பவள். சாலையோரம் எங்கேயோ நின்று பேசினாள், பின்னால் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரியே தெனமும் ரீல்ஸ் போட்டுட்டு வாரேனுங்க. ஆர்டரும் வருது, இல்லீன்னு சொல்லல. ஆனா முடியலீங்க்கா. கல்யாண ஊட்டுல தாலி கட்டறப்பக்கூட, இத எப்படி ரீல்ஸா வெட்டறதுன்னுதான் மனசு ஓடுது. போன முகூர்த்தத்துல பொண்ணோட அப்பா அழுதத உட்டுட்டேன். நான் அந்நேரம் செல்லுல எடுத்துட்டிருந்தேன். ஆரம்பிக்கறது எப்படின்னு எத்தனையோ சொல்லிக் குடுத்தீங்க. நிறுத்தறது எப்படின்னு ஒரு எபிசோடு போடுவீங்களா? நீங்க எப்படித்தான் இத்தன வருஷமா இப்படித் தெம்பாப் பேசறீங்களோ. ஒரே ஒரு தடவ போன் பண்ணிப் பேசுங்க்கா."

அதை மூன்று முறை கேட்டேன். பிறகு பதில் எழுதினேன்: எனக்குக் குரல் போய்விட்டது. இப்போது நீங்கள் கேட்பது இயந்திரம் பேசுவது. எழுதுவது மட்டும்தான் நான். தெம்பெல்லாம் பழைய தெம்பு. நானும் உங்களைப் போலத்தான் களைத்திருக்கிறேன்.

அன்று முழுக்கப் பதில் இல்லை. ஏமாந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் எழுத்தில் வந்தது: "அப்ப உங்களுக்கும் எப்படி நிறுத்தறதுன்னு தெரியாதுங்களா?"

தெரியாது என்று எழுதினேன். யோசித்துப் பார்க்கலாம் என்றும் எழுதினேன்.

அதன் பிறகு தினமும் இருவரும் எழுதிக்கொண்டோம். அவள் கேட்டுக்கொண்டபடி ஒரு எபிசோடு எழுத உட்கார்ந்தேன். ஒரு மாதம் காணாமல் போவதற்கு முன்னால் வாடிக்கையாளர்களிடம் என்ன சொல்லலாம், எந்தப் பதிவைப் பக்கத்தின் உச்சியில் நிறுத்தி வைக்கலாம், வேலைக்காக விசாரிக்கிறவர்களுக்கு எப்படி ஒரே ஒரு பதில் தயாராக வைக்கலாம், ஏற்கெனவே படம் எடுத்த குடும்பங்களுக்குப் போன் செய்து பேசினாலே எவ்வளவு வேலை வரும் என்று எழுதினேன். வாரம் தவறாமல் வர வேண்டும் என்று நான் சொன்னது எல்லோருக்கும் பொருந்தாது என்றும் எழுதினேன். நெடுநாள் கழித்து, எழுதும்போது அடுத்த வரி என்னவென்று எனக்கே ஆவலாக இருந்தது.

சென்னைப் பெண் படித்துவிட்டு உடனே போனில் பேசினாள். நான் கேட்க மட்டும் செய்தேன்.

"அக்கா, படிச்சிட்டு எனக்கே அழுகை வந்துடுச்சு. எனக்கும் இது தேவை. ஆனா தெனம் போடறதுக்குத்தான் நம்ம செயலியே. போடாதீங்கன்னு நாமளே எப்படிச் சொல்றது? மேல கேட்டுட்டேன். வேண்டாம்னுட்டாங்க."

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளும் வாராவாரம் ஏதாவது வெளியிட்டே ஆக வேண்டியவள். அந்த எபிசோடு வெளிவரவில்லை. எழுதியதை அப்படியே கரூர்ப் பெண்ணுக்கு அனுப்பி வைத்தேன்.

மழை விட்டு, மலையெல்லாம் வெயில் காய ஆரம்பித்தபோது மறுபடி நாமக்கல் போனேன். தடிப்பு நன்றாக வற்றியிருந்தது. மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம் என்றார் மருத்துவர். வந்த குரல் பழைய குரலாக இல்லை. கனத்து, கொஞ்சம் இறங்கியிருந்தது. உள்ளூர்க்காரர்கள் வேண்டுதல் நிறைவேறியதா என்று விசாரித்தார்கள். ஆச்சுங்க என்றேன்.

கரூர்ப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"யாருங்க பேசறது?"

"நான்தாங்க."

"நான்தான்னா?"

கொல்லிமலை என்று சொன்னேன்.

"அக்காவா! வேற யாரோன்னு நெனச்சுட்டேனுங்க."

"இனிமே இதான் என் குரலு."

"பரவாயில்லீங்க்கா. இது நம்ம ஊட்டுல ஒருத்தர் பேசற மாதிரி இருக்குது."

பதிவு போடுவதை அவள் ஒரு மாதம் நிறுத்தியிருந்தாள். விசாரித்த இரண்டு பேர் வேறு ஆளிடம் போய்விட்டார்களாம், அதைச் சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்தது. பிறகு மறுபடி போட ஆரம்பித்திருக்கிறாள். ஆனால் கல்யாண மண்டபத்துக்குள் செல்போனை எடுப்பதில்லை, தம்பி மனைவியிடம் கொடுத்துவிடுகிறாளாம். முந்தின வாரத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய், கூட்டத்துக்குப் பின்னால் தனியாக நின்று செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்ததை எடுத்தாளாம். அந்தப் படத்தை எங்கும் போடவில்லை, அந்த அம்மாவுக்கு மட்டும் அனுப்பினேன் என்றாள். மெதுவாகத்தான் பேச வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால் அவளையே பேசவிட்டேன்.

அந்த வாரமே நிறுவனத்துக்கு எழுதினேன். என் குரலில் இயந்திரம் பேசியது போதும், இனி அதைப் பயன்படுத்த வேண்டாம், நானும் பேசப்போவதில்லை, விருப்பமிருந்தால் எழுதித் தருகிறேன், மாதத்துக்கு இரண்டு மட்டும். சண்டையை எதிர்பார்த்தேன். இரண்டு வரியில் ஒப்புக்கொண்டார்கள். அதுவும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. இப்போது என் எழுத்தை மதுரைப் பெண் ஒருத்தி பேசுகிறாள். குரல் இனிமை. என் வாக்கியங்களின் நடுவே அவளாக ஒரு சிரிப்பைச் சேர்த்துக்கொள்கிறாள். எனக்கு அது தோன்றியிருக்காது.

நேற்று அவளுக்கு எழுதினேன். தண்ணீர் நிறையக் குடி, கத்திப் பேசாதே, கரகரத்தால் உடனே மருத்துவரைப் பார் என்று. சரிங்கக்கா என்று பதில் போட்டிருக்கிறாள், அடுத்த எபிசோடு எப்போது வரும் என்றும் கேட்டிருக்கிறாள்.