பேராசிரியை யசோதா சொன்ன ‘பார்க்கலாம்’

ஜப்பான் அரசியலும் ஆசிய நாடுகளின் பாதுகாப்பும்தான் காக்ஸ் டவுனில் இருக்கும் யசோதா மேடத்தின் வாழ்நாள் படிப்பு. பார்க்கின்சன் நோய் வந்தபின் குரல் தேய்ந்துவிட்டது. ஒரு வாக்கியம் முடிக்க நேரம் பிடிக்கும். அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, நடக்க வைப்பது எல்லாம் என் வேலை. வருகிறவர்கள் அவர் எதிரிலேயே, “மேடம் தூங்கினாங்களா?” என்று என்னிடம் கேட்பார்கள். அவரையே கேளுங்கள் என்பேன்.

ராணுவச் செலவு பற்றி நாடாளுமன்றத்தில் கேட்டால் ஜப்பான் அமைச்சர்கள் எப்படி நழுவுகிறார்கள் என்பதைத்தான் அவர் ஆராய்ந்தார். ‘பரிசீலிக்கிறோம்’ என்று பணிவாகச் சொன்னால் பெரும்பாலும் நடக்காது என்று பொருளாம். அதைப் பற்றிய புத்தகத்தில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அது தன் பெயரில் வர வேண்டும். வேறு ஆசை அவருக்கு இல்லை.

அவரிடம் முனைவர் பட்டம் வாங்கிய பாலகுமார் இப்போது ஓர் ஆய்வு மையத்தின் இயக்குநர். விழுங்கவே சிரமப்படுகிறவருக்கு மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார். மிச்சத்தைத் தானே எழுதிவிடுவதாகவும், அட்டையில் தன் பெயர் இருந்தால் விற்கும் என்றும், மேடத்துக்கு முன்னுரையில் நன்றி சொல்வதாகவும் விளக்கினார்.

“பார்க்கலாம் பாலா,” என்றார் மேடம். பாலகுமார் சிரித்துக்கொண்டே கிளம்பினார்.

அடுத்த மாதம் அட்டையையே அச்சடித்து எடுத்துவந்தார். அதில் பாலகுமார் பெயர் மட்டும் இருந்தது. மேடம் அதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பாலா, ஜப்பான் மந்திரி பரிசீலிக்கிறோம்னா என்ன அர்த்தம்?”

“முடியாதுன்னு அர்த்தம் மேடம். என் தீசிஸே அதானே.”

“நான் பார்க்கலாம்னா?”

“நீங்க நம்ம ஊர்க்காரங்க. சரின்னு சொல்றீங்கன்னு நினைச்சேன்.”

“பொண்ணு பார்க்க வந்தவங்க பார்க்கலாம்னு சொல்லிட்டுப் போனா, நீ மண்டபம் புக் பண்ணுவியாடா?”

கிளம்பும்போது பாலகுமார் வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மேடத்துக்கு நினைவு தடுமாறுகிறது என்று பதிப்பகத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டார். எத்தனையோ பேரின் சளியும் மலமும் அள்ளியவள் நான். அன்றைக்கு வந்த அருவருப்பு அதில் எதற்கும் வந்ததில்லை. கேட்டை மூட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றே மேடம் பதிப்பகத்துக்குப் போன் போட்டு, கடைசி அத்தியாயத்தைத் தானே முடிப்பதாகச் சொன்னார். மாத்திரை வேலை செய்யும் காலை நேரங்களில் அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, அவருடைய அண்ணன் மகள் அனுஷா டைப் செய்தாள். தாமதமாக வந்தாலும் புத்தகம் மேடம் பெயரில் மட்டுமே வந்தது.

வெளியீட்டு விழாவுக்குப் பாலகுமாரும் வந்தார். கேமராக்காரர் தயாராகும்வரை காத்திருந்து, மேடத்தின் காலில் விழக் குனிந்தார்.

“இழு,” என்றார் மேடம் என்னிடம். சக்கர நாற்காலியைப் பின்னால் இழுத்தேன். பாலகுமார் வெறும் தரையைத் தொட்டார்.

அந்தப் படத்தையும் ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறார், ‘என் குருவின் ஆசி’ என்று.