விசிறிக்கு முன்னால் ஒரு பெட்டி

பால்சா மரத்தில் பசை காயும்போது மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி வரும். ஜெர்சி சிட்டியில் நாங்கள் குடியிருந்த மூன்றாம் மாடி வீடு முழுக்க ஒரு குளிர்காலம் அந்த நெடிதான். எனக்குப் பதினோரு வயது. பள்ளிக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு பழைய போர் விமானத்தின் மாதிரி செய்துவரச் சொல்லியிருந்தார்கள். நூலகப் புத்தகத்தில் நான் தேடிப்பிடித்தது பி.இ.9, முதல் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் சோதனை விமானம்.

விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறியின் ஊடே துப்பாக்கியால் சுட அவர்களுக்கு அப்போது வழி தெரியவில்லை. அதனால் விசிறிக்கு முன்னால் ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி கட்டி, அதற்குள் ஒரு மனிதனைத் துப்பாக்கியோடு உட்காரவைத்தார்கள். அவன் முதுகுக்குப் பின்னால் விசிறி, அதற்குப் பின்னால் என்ஜின், அதற்கும் பின்னால் விமானி. இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியாது. இறங்கும்போது விமானம் மூக்குக் குத்தினால் என்ஜின் அவன் மேல்தான் விழும். மாதா கோயில் "பிரசங்க மேடை" மாதிரி இருந்ததால் அதுவே பட்டப்பெயரும் ஆயிற்று. ஒன்றே ஒன்று கட்டிப் பார்த்துக் கைவிட்டார்கள். டெக்சாஸில் விமான உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பது வருடம் பாகங்களைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவள் நான். ஒருவர் வரைந்து, இன்னொருவர் சரிபார்த்து, மூன்றாமவர் ஒப்புதல் தராமல் அந்தப் பெட்டி அங்கே போயிருக்காது.

அப்பா டிராஃப்ட்ஸ்மேன். மூன்று மாலைகள் என்னோடு உட்கார்ந்து, இடுக்கியால் பிடித்துப் பிடித்து அந்தப் பெட்டியை ஒட்டினார். உள்ளே உட்காரும் ஆளைத் தீக்குச்சியில் செதுக்கியதும் அவர்தான்.

ஆசிரியர் பார்த்தார். விசிறிக்கு முன்னால் எவனும் உட்கார முடியாது என்று, வகுப்பு பார்க்க, பெட்டியைக் கட்டைவிரலால் பெயர்த்து மேசையில் வைத்தார். புத்தகத்தில் இருக்கிறது என்றேன். எதிர்த்துப் பேசுகிறாள் என்று வீட்டுக்குச் சீட்டு வந்தது.

அப்போது எங்கள் க்ரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து காப்பி குடிக்கையில் ஓர் அங்கிள் அப்பாவுக்கு ஓதியிருந்தார்: "சார், இங்க வாத்தியார் எழுதறதுகூட இமிக்ரேஷன் ஃபைலுக்குப் போயிடும். வாயே தொறக்காதீங்க."

சீட்டு வந்த மறுநாள் அப்பா லீவு போட்டு, டை கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். புத்தகம் என் பையில் இருந்தது. எடுக்கப்போன என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சாரி சார், மை டாட்டர் மேட் எ மிஸ்டேக்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "புக்கைக் காட்டியிருக்கலாமேப்பா?"

"காட்டினா அவர் தப்புன்னு ஆயிடுமேம்மா."

வீட்டில் அம்மா தோசைத் திருப்பியை நீட்டியபடி கேட்டாள்: "ஆள முன்னாடி உக்கார வச்ச வெள்ளக்காரன மூணு நாளா திட்டுனீங்களே, இப்ப பொண்ண முன்னாடி நிறுத்திட்டு வந்தீங்களே, நீங்க யாரு?"

விசிறியை முன்னாலும் ஆளைப் பின்னாலும் மாற்றி ஒட்டினேன். உலகத்தில் எவனும் கட்டாத அந்த விமானத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது.

பின்னாளில் அந்தக் குடியேற்றப் படிவங்களை உறவினர்களுக்காக எத்தனையோ முறை நிரப்பியிருக்கிறேன். ஒவ்வொரு கட்டமும் மனப்பாடம். பள்ளி ஆசிரியரின் அபிப்பிராயத்துக்கு அதில் இடமே கிடையாது. அங்கிளும் அந்தப் படிவத்தைப் படித்ததில்லை, அப்பாவும் படித்ததில்லை.

இப்போது அந்த வீடு இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. பி.இ.9 இல்லை, அப்பாவும் இல்லை. போன வருடம் பிளசன்டனில், தம்பி வீட்டுக்குப் பக்கத்து மருத்துவமனையில் கிடந்தார். ஊசி குத்த வந்த பெண் மூன்று தடவை நரம்பைத் தவறவிட, குடியுரிமை வாங்கி நாற்பது வருடமான அந்த மனிதர் அவளிடம் சொன்னார்: "சாரிம்மா, மை வெயின் இஸ் பேட்."

நான் அவளுடைய மேலதிகாரியைக் கூப்பிட எழுந்தேன். அப்பா என் கையைப் பிடித்தார். அந்த வயதிலும் நல்ல பிடி. உதறிவிட்டுப் போனேன்.

உதறியிருக்க வேண்டாம் என்று தம்பி இன்றும் சொல்கிறான். அப்பா டை கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தபோது அவன் பிறந்திருக்கவில்லை.