சங்கரி கண்ட துடிப்பு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சங்கரியை ‘காலேஜ் மிஸ்’ என்றால்தான் தெரியும். தனியார் கல்லூரி ஒன்றில் இயற்பியல் பாடம் எடுத்தாள். கணவர் மணிவண்ணன் வீட்டிலேயே தறி நெய்தார். குழந்தை பிறந்தபோது முனைவர் பட்டப் படிப்பைப் பாதியில் விட்டவள், ஆசையை மட்டும் விடவில்லை. விண்வெளித் தொலைநோக்கிகள் பொதுவில் வெளியிடும் எக்ஸ்-கதிர்த் தரவுகளை எடுத்துவைத்து, நேரம் கிடைத்தபோதெல்லாம் லேப்டாப்பில் அலசிக்கொண்டிருப்பாள்.

அந்த ஐப்பசியில் ஒரு ராட்சத நீல நட்சத்திரத்துக்குப் பக்கத்திலிருந்து திடீரென எக்ஸ்-கதிர் பொங்கியது. அதைச் சுற்றி ஓடுவது கருந்துளையா, நியூட்ரான் நட்சத்திரமா என்று யாருக்கும் பிடிபடவில்லை. சீரான துடிப்பு தெரிந்தால் அது சுழலும் நியூட்ரான் நட்சத்திரம். ஆனால் தேடியவர்கள் கையில் துடிப்பு சிக்கவில்லை.

சங்கரிக்கு ஒரு சந்தேகம். அது சுற்றிவரும்போது, நம் பக்கம் வருகையில் துடிப்புகள் நெருங்கும். விலகிப் போகையில் இடைவெளி கூடும். மொத்தத் தரவையும் ஒன்றாகப் போட்டால் எல்லாம் கலங்கிவிடாதா? சிறு சிறு துண்டாக நறுக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு துண்டிலும் துடிப்பு இருந்தது.

அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. புனேயில் ஆராய்ச்சி செய்யும் சங்கீதாவுக்கு அனுப்பி, சரிபார்க்கச் சொன்னாள். இருவரும் ஆன்லைன் பயிற்சியொன்றில் பழகியவர்கள், நேரில் பார்த்ததில்லை. மறுநாளே சங்கரிக்குக் காய்ச்சல் அடித்தது. டெங்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

கண்ணைத் திறக்கவே முடியாமல் கிடந்தவளிடம் மணிவண்ணன் குனிந்து சொன்னார்.

“சங்கீதா போன் பண்ணிக்கினே இருக்குதும்மா. வேற தொலைநோக்கியில பாத்தாலும் அதே துடிப்புதானாம். உன் பேரை முதல்ல போட்டு அறிவிக்கலாமான்னு கேக்குது.”

“அவங்க பேரையே போட்டுக்கச் சொல்லுங்க. என்னால இப்ப முடியாதுங்க.”

“அதையும் நானே சொல்லிப் பாத்துட்டேன். ஒத்துக்க மாட்டேங்குது.”

சங்கரி சரி என்று லேசாகத் தலையசைத்தாள்.

அந்த எக்ஸ்-கதிர் வெளிச்சம் மங்குவதற்குள் மேலும் தரவு சேர்க்க சங்கீதா அவசர அனுமதி கேட்டு, தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்ப வைத்தாள். சங்கரியின் பெயரை முதலில் போட்டு அறிவிப்பு வெளியான சிறிது நேரத்திலேயே வெளிநாட்டுக் குழுவொன்றும் அதே துடிப்பைக் கண்டதாகச் சொன்னது. கொஞ்சம் தாமதித்திருந்தால் சங்கரியின் பெயர் எங்கும் வந்திருக்காது.

உடம்பு தேறியதும் இருவரும் சேர்ந்து அந்த நியூட்ரான் நட்சத்திரத்தின் சுற்றுப்பாதையைக் கணக்கிட்டார்கள். கட்டுரை வெளியானது. விட்ட படிப்பைத் தொடரவும் சங்கரிக்கு இடம் கிடைத்தது.

தை மாதம் சங்கீதா காஞ்சிபுரம் வந்தாள். பஸ்சை விட்டு இறங்கியவளின் கையைச் சங்கரி பிடித்துக்கொண்டாள்.

“நீங்க மட்டும் இல்லன்னா...” என்று தொடங்கினாள்.

“நீங்க பார்த்ததை நீங்க பார்த்ததாத்தானே எழுதினேன்,” என்றாள் சங்கீதா. “இதுல என்ன இருக்கு? பசிக்குது, சாப்பாடு போடுங்க.”

மணிவண்ணன் சிரித்துக்கொண்டே பையை வாங்கிக்கொண்டார். சங்கரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.